எடைமேடையில் தொடங்கும் கணக்கு

மென்பொருள் வாங்கிப் பல ஆண்டுகள் ஆன பிறகும் கோடுபோட்ட நோட்டுகள் குறையாத நிறுவனங்களைத் தூத்துக்குடியில் எளிதாகப் பார்க்கலாம். கொள்முதல் பார்ப்பவரிடம் ஒரு நோட்டு, குளிர்கிடங்கில் ஒரு நோட்டு, லாரி அனுப்புபவரிடம் ஒன்று, முதலாளியின் சட்டைப்பையில் ஒரு சின்ன நோட்டு. கணக்குப் பிரிவில் மட்டும் கணினி. மாதக் கடைசியில் எல்லாவற்றையும் எதிரெதிரே வைத்து ஒத்துப்பார்த்தால் இருப்பில் சில நூறு கிலோ உதைக்கும். யார் தவறு என்று கேட்டால் நால்வரும் தத்தம் நோட்டைக் காட்டுவார்கள். அவரவர் எழுதியது அவரவர் அளவில் சரியாகவே இருக்கும். கடைசியில் பழி மென்பொருள் மேல் விழும்.

இந்தப் பழி நியாயம்தானா என்று நிதானமாகப் பார்க்க வேண்டியிருக்கிறது. நம் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். ஒரு நிறுவனத்தின் தகவல் அமைப்புக்கு உயிர் ஓர் ஏற்பாட்டில் இருக்கிறது: ஒரு செய்தியை அதைக் கண்ணால் கண்டவர் ஒரே முறை எழுத வேண்டும், மற்ற எல்லாப் பிரிவினரும் அந்த எழுத்தையே எடுத்தாள வேண்டும். கணினி இந்த ஏற்பாட்டை வேகப்படுத்தும், தூரத்துக்கும் கொண்டுபோகும். ஏற்பாடே இல்லாத இடத்தில் அது ஐந்தாவது நோட்டாகத்தான் இருக்கும்.

முத்துக்குளித்துறை எனப்படும் இந்தக் கடற்கரைக்கு அந்த ஏற்பாடு பழைய விஷயம். மன்னார் வளைகுடாவில் அரசு பொறுப்பேற்று நடத்திய முத்துச் சலாபங்களின், அதாவது முத்துக்குளிப்புகளின், நடைமுறையைப் பாருங்கள். கடலடியில் முத்துச்சிப்பி ஒட்டி வளரும் கல்தரைகளைப் பார்கள் என்பார்கள். தூத்துக்குடிக்கு எதிரே தொள்ளாயிரம் பார் பெயர்பெற்றது. சலாபம் நடத்துவதா வேண்டாமா என்பது ஊகத்தில் முடிவாகவில்லை. முதலில் பார்களைச் சோதிக்கப் படகுகள் போகும். குளியாட்கள் இறங்கிச் சிப்பி அள்ளி வருவார்கள். எந்தப் பாரில், எந்தப் பக்கத்தில், எவ்வளவு சிப்பி கிடைத்தது, அவற்றுக்கு வயது என்ன என்று குறிக்கப்படும். மாதிரிக்குச் சில ஆயிரம் சிப்பிகளை எடுத்து, அழுகவிட்டுக் கழுவி, கிடைத்த முத்துகளைத் தரம்பிரித்து விலை மதிப்பார்கள். ஆயிரம் சிப்பிக்கு இத்தனை ரூபாய் என்று ஒரு மதிப்பு கையில் கிடைக்கும்.

அந்த ஒரு மதிப்பிலிருந்து கிளம்பிய வேலைகள் எத்தனை! சலாபத்தை எப்போது தொடங்குவது, எத்தனை படகை அனுமதிப்பது, கரையில் எழுப்பும் தற்காலிக ஊருக்கு எத்தனை ஓலைக்கொட்டகை, எவ்வளவு குடிநீர், எத்தனை காவலர் வேண்டும், வணிகர்களுக்குப் போகும் அறிவிப்பில் என்ன சொல்வது, அரசு எவ்வளவு வருமானத்தை எதிர்பார்ப்பது. இன்றைய நிறுவனத்தில் இவை உற்பத்தித் திட்டம், ஆள் நிர்வாகம், இடவசதி, விற்பனை, நிதி என்று தனித்தனி அறைகளில் உட்கார்ந்திருக்கும். அன்றைக்கு இவை எல்லாம் ஒரே சோதனையின் கணக்கைப் பார்த்து நகர்ந்தன. மாதிரியை எண்ணியவர் பிசகினால் எல்லாம் சேர்ந்தே பிசகும் என்பது அந்தக் கரையில் இருந்த அனைவருக்கும் தெரியும்.

சென்னை அருங்காட்சியகத்தின் எட்கர் தர்ஸ்டன் 1889ஆம் ஆண்டுத் தூத்துக்குடிச் சலாபத்தை நேரில் கண்டு எழுதினார். பின்னாளில் சென்னை மாகாணத்தின் முத்து, சங்குக் குளிப்புக்குப் பொறுப்பாக இருந்த ஜேம்ஸ் ஹார்னெல் இன்னும் விரிவாக எழுதினார். பங்கு பிரிக்கும் முறை அந்தக் காலத்து ஏற்பாடுகளில் மிக நுட்பமானது. கரைக்கு வந்த சிப்பியைக் குளியாட்கள் தரப்பில் மூன்று குவியலாகப் பிரிப்பார்கள். அவற்றில் எந்த இரண்டு அரசுக்கு என்று காட்டுவது அதிகாரி. மிச்சமுள்ள ஒன்று குளித்தவர்களுக்கு. பிரிப்பவருக்கு எந்தக் குவியல் தன்னிடம் வரும் என்று தெரியாததால் மூன்றையும் சமமாகப் பிரிப்பதுதான் அவருக்கே நல்லது. பிரிப்பவரும் தேர்ந்தெடுப்பவரும் ஒரே ஆளாக இருக்கக் கூடாது என்பது இன்று எந்தத் தணிக்கையாளரும் முதலில் கேட்கிற விதி. பில் எழுதுபவரே பணமும் கொடுக்கக் கூடாது, சரக்கு வாங்குபவரே இருப்பையும் எண்ணக் கூடாது என்று நாம் மென்பொருளில் கடவுச்சொல் போட்டுப் பிரித்துவைப்பது இதைத்தான்.

அடுத்தது தரம். முத்துகளைத் துளையிட்ட பத்துப் பித்தளைத் தட்டுகளில் சலித்தார்கள். முதல் தட்டில் 20 துளை. அடுத்தடுத்து 30, 50, 80, 100, 200, 400, 600, 800. கடைசித் தட்டில் 1000. துளை கூடக்கூட முத்து சிறிது. பிறகு மஞ்சாடி என்ற எடைக்கணக்கில் நிறுத்து, எடையையும் எண்ணிக்கையையும் சேர்த்துச் ‘செவ்வு’ என்ற அளவைப் பார்த்து விலை சொன்னார்கள். பம்பாயிலிருந்து வந்த வணிகரும் தூத்துக்குடிச் செட்டியாரும் முத்தின் பருமனைப் பற்றிச் சண்டையிட வேண்டியதில்லை, தட்டு சொல்லிவிடும். விலையில் மட்டும் வாதாடலாம். இன்றைய நிறுவனங்களில் பாதிக் குழப்பம் இப்படி ஒரு தட்டு இல்லாததால் வருகிறது. கொள்முதல்காரர் ‘பெரிசு’ என்று எழுதிய சரக்கைக் கிடங்குக்காரர் ‘நடுத்தரம்’ என்று எழுதுவார், விற்பனைக்காரர் வாங்குபவரின் நாட்டு வழக்கில் வேறொரு பெயர் வைப்பார். பொருளுக்கு ஒரே பெயரும் ஒரே குறியீடும் வைக்காமல் எந்த விலை உயர்ந்த மென்பொருளைப் போட்டாலும் அது மூன்று சரக்காகத்தான் எண்ணும்.

இந்தப் பழைய அமைப்பின் எல்லையையும் சொல்ல வேண்டும். 1926 முதல் 1928 வரை சலாபம் நடந்தது. அதன்பின் 1955 வரை இல்லை. 1955இல் தொடங்கிய வரிசை 1961இல் முடிந்தது. அதற்குப் பிறகு இங்கே சலாபமே நடக்கவில்லை. பார்களில் போதிய சிப்பி இல்லை என்று சோதனை சொன்னபோது, ‘இந்த ஆண்டு வேண்டாம்’ என்ற முடிவை எடுக்க முடிந்தது. வருமானத்துக்கு ஆசைப்பட்டு இளஞ்சிப்பியை வாரிக்கொள்ளாமல் நிறுத்தியது அந்தக் கணக்கின் பெருமை. ஆனால் சிப்பி ஏன் வரவில்லை என்பதற்கு அந்தப் பதிவேட்டில் பதில் இல்லை. எத்தனை, எங்கே, என்ன வயது என்று கேட்க அமைத்த ஏடு அது. ஏன் என்ற கேள்விக்கு வேறு வகை ஆய்வு தேவைப்பட்டது. தூத்துக்குடியில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் 1973இல் வளர்ப்பு முத்தை உருவாக்கியதும், 1981இல் முத்துச்சிப்பிக் குஞ்சுகளைப் பொரிப்பகத்தில் வளர்த்தெடுத்ததும் அந்த வேறு வழியில் வந்தவை. தகவல் அமைப்பை விற்க வருபவர்கள் இந்த எல்லையைச் சொல்வதில்லை: எதைக் கேட்க அமைத்தோமோ அதற்குத்தான் அது பதில் சொல்லும்.

இப்போது இன்றைய நிறுவனத்துக்குள் போவோம். கடலுணவு ஏற்றுமதி செய்யும் ஒரு நிறுவனத்தை எடுத்துக்கொள்வோம். கற்பனை நிறுவனம்தான், மீன்பிடித் துறைமுகத்தைச் சுற்றி வேலை பார்ப்பவர்களுக்கு இதில் புதிதாக எதுவும் இருக்காது. விசைப்படகு கரை சேர்கிறது, ஏலம் முடிகிறது, 400 கிலோ இறால் நிறுவனத்தின் எடைமேடைக்கு வருகிறது. கிலோவுக்கு 30 முதல் 40 நிற்கும் கவுண்ட். எடைமேடைக்காரர் எழுத வேண்டியது ஒரே வரி: தேதி, நேரம், படகின் பதிவெண், இறாலின் இனம், கவுண்ட், எடை, ஏல விலை, அந்தச் சரக்குக்கு ஒரு லாட் எண்.

இந்த வரி எங்கெல்லாம் போக வேண்டும்? உரிப்புக்கூட மேற்பார்வையாளருக்கு இரவே தெரிந்தால், காலையில் எத்தனை பேரை வரச்சொல்வது, எவ்வளவு ஐஸ் இறக்குவது என்று திட்டமிடலாம். தெரியாவிட்டால் ஒருநாள் ஆட்கள் கைகட்டி நிற்பார்கள், மறுநாள் சரக்கு காத்திருக்கும். காத்திருக்கும் இறாலின் தரம் மணிக்கு மணி இறங்கும். கணக்குப் பிரிவு இந்த வரியை வைத்துத்தான் படகுக்காரருக்குப் பணம் கொடுக்க வேண்டும். விற்பனை பார்ப்பவர் குளிர்கிடங்கில் மைனஸ் 18 டிகிரியில் எந்தக் கவுண்ட் எத்தனை பெட்டி இருக்கிறது என்று பார்த்த பிறகே வெளிநாட்டு வாங்குபவருக்கு வாக்குக் கொடுக்க வேண்டும். கூலிக் கணக்குக்கும் லாட் எண் வேண்டும்.

இவற்றில் ஓர் இடத்தில் சற்று நிற்போம். இறாலில் தலையும் ஓடும் கழிந்தால் எடை ஏறத்தாழ பாதியாக நிற்கும். 400 கிலோ உள்ளே போய் 200 கிலோ வரவேண்டிய இடத்தில் 170தான் வந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். தண்ணீரோடு எடை போட்டார்களா, கவுண்ட் மாறிவிட்டதா, கைப்பழக்கம் இல்லாதவர் உரித்துச் சதை வீணானதா, சரக்கு வெளியே போனதா? நான்கில் எதுவாகவும் இருக்கலாம். அன்றைக்கே கேட்டால் அன்றைக்கே பதில் கிடைக்கும். மாதக் கடைசியில் கேட்டால் யாருக்கும் ஞாபகம் இருக்காது. ஆனால் இந்தக் கேள்வி எழ வேண்டுமானால் கொள்முதல் எடையும் உற்பத்தி எடையும் ஒரே லாட் எண்ணின் கீழ் பக்கத்தில் பக்கத்தில் நிற்க வேண்டும். கொள்முதல் நோட்டில் 400 சரி, உற்பத்தி நோட்டில் 170 சரி. 30 கிலோ இரண்டு நோட்டுக்கும் நடுவில் காணாமல்போகிறது. தகவல் அமைப்பு ஒரு நிறுவனத்துக்குச் செய்யும் முதன்மையான உபகாரம் இது என்றே சொல்வோம். ஒவ்வொரு பிரிவுக்கும் தனித்தனியே அது தரும் வசதியைவிட, பிரிவுகளுக்கு இடையே உள்ள சந்தில் விளக்கு வைப்பது பெரிய காரியம்.

வெளியுலகமும் இதைக் கேட்கத் தொடங்கி வெகுகாலம் ஆகிவிட்டது. சட்டத்துக்குப் புறம்பான மீன்பிடிப்பைத் தடுக்க ஐரோப்பிய ஒன்றியம் 2010 ஜனவரி 1 முதல், கடலில் பிடித்த மீனுக்குப் பிடிப்புச் சான்றிதழைக் கட்டாயமாக்கியது. இந்தியாவில் அதை எம்பெடா எனப்படும் கடல்பொருள் ஏற்றுமதி வளர்ச்சி ஆணையம் வழங்குகிறது. எந்தப் படகு பிடித்தது என்பது அந்தச் சான்றிதழின் அடிப்படை. பெட்டியில் இருக்கும் இறாலிலிருந்து பின்னோக்கி நடந்து படகுவரை போக முடிய வேண்டும். எடைமேடையில் படகின் பதிவெண்ணைக் குறிக்காமல் விட்ட நிறுவனம், கப்பல் ஏற்றும் வாரத்தில் ஏஜென்ட்டுகளுக்கு ஃபோன் போட்டு ‘அன்றைக்கு யார் படகு?’ என்று விசாரித்துக்கொண்டிருக்கும்.

இந்தச் சிந்தனை கணினியோடு சேர்ந்த கதையும் சுவையானது. வணிகக் கணக்குக்காக உலகில் முதன்முதலில் கணினி அமைத்தது இங்கிலாந்தில் தேநீர்க்கடைகள் நடத்திய ஜே. லயன்ஸ் நிறுவனம். 1951இல் ‘லியோ’ என்ற அந்தக் கணினி ரொட்டிக்கூடத்தின் செலவுக் கணக்கைப் போட்டது. பிறகு தேநீர்க்கடைகளின் அன்றாடக் கொள்முதலை அதில் ஏற்றினார்கள். ஒவ்வொரு கடைக்கும் வழக்கமான பட்டியல் ஒன்று கணினியில் இருக்கும். கடை மேலாளர் தினமும் முழுப் பட்டியலையும் சொல்ல வேண்டியதில்லை; வழக்கத்திலிருந்து மாறுவதை மட்டும் தொலைபேசியில் சொன்னால் போதும். அந்தச் சிறு மாற்றத்திலிருந்து சமையற்கூடத்தின் உற்பத்தி அளவு, வண்டியில் ஏற்றும் பட்டியல், கடைக்கான கணக்கு எல்லாம் வெளிவந்தன. எழுபது ஆண்டுக்கு முன்பே, அறை நிறைய வால்வுகள் எரியும் இயந்திரத்தை வைத்துக்கொண்டு, ‘ஒரே முறை எழுது, எல்லோரும் எடுத்துக்கொள்’ என்பதைச் செய்துகாட்டினார்கள். இன்று நம் கைப்பேசி அந்த இயந்திரத்தைவிடப் பலமடங்கு வல்லது. குறைவது இயந்திரம் என்று சொல்ல வழியில்லை.

ஒரே வரியை எல்லோரும் படிக்க வேண்டும் என்பதால் எல்லோரும் ஒரே மாதிரி படிக்க வேண்டும் என்றாகாது. எடைமேடைக்காரருக்கு வரி வேண்டும். மேற்பார்வையாளருக்கு அன்றைய வரிகளின் கூட்டல் வேண்டும். முதலாளிக்கு வேண்டியது ஒப்பீடு: சென்ற மாதம் இதே கவுண்ட் என்ன விலைக்கு வாங்கினோம், எவ்வளவு கழிவு போனது, எந்த வாங்குபவர் பணத்தை எத்தனை நாள் இழுக்கிறார். பல முதலாளிகள் வரி வரியாகத் தாங்களே பார்க்க ஆசைப்படுகிறார்கள். அதைப் பொறுப்பு என்றும் நினைக்கிறார்கள். வரியைப் பார்ப்பதில் நேரம் போய்விட்டால் ஒப்பிட்டுப் பார்க்க ஆள் இருக்காது. உப்புத் தொழிலில் இது இன்னும் தெளிவாகத் தெரியும். வடகிழக்குப் பருவமழை பாத்திகளை நிறுத்திவிடும். அதற்கு முன் அம்பாரத்தில் எவ்வளவு நிற்கிறது, எந்தப் பாத்தியின் உப்பு என்ன தரம், இப்போது விற்பதா மழைக்குப் பின் விலை ஏறட்டும் என்று காப்பதா என்று முடிவெடுப்பவருக்கு ஒவ்வொரு வண்டிச் சீட்டும் தேவையில்லை. ஆனால் சீட்டுகள் ஒழுங்காக எழுதப்பட்டிருந்தால்தான் அவருக்கு வேண்டிய தொகை கிடைக்கும்.

சரக்கு நிறுவனத்தின் வாசலைத் தாண்டித் துறைமுகத்துக்குப் போகும்போது, நம் எழுத்தை நம்பும் ஆட்களின் எண்ணிக்கை பெருகுகிறது. 1974 ஜூலை 11 அன்று பெருந்துறைமுகமாக அறிவிக்கப்பட்ட தூத்துக்குடித் துறைமுகம் இன்று வ.உ.சிதம்பரனார் பெயரைத் தாங்கி நிற்கிறது. அதன் கன்டெய்னர் முனையங்களுக்குள் போகும் பெட்டிகளில் கணிசமானவை கொழும்பில் கப்பல் மாறித் தூர தேசம் போகின்றன. ஒவ்வொரு பெட்டியின் பக்கவாட்டிலும் நான்கு ஆங்கில எழுத்தும் ஏழு இலக்கமும் இருக்கும். ஏழாவது இலக்கத்தைச் சிறு கட்டத்துக்குள் தனியாக எழுதியிருப்பார்கள். பலர் அதைப் பெட்டி எண்ணின் தொடர்ச்சி என்றே நினைக்கிறார்கள். அது மற்ற பத்தையும் காவல் காக்கும் இலக்கம்.

எப்படி என்று ஒரு தடவை போட்டுப் பார்த்துவிடுவோம். பெட்டி எண் சி.எஸ்.கியூ.யு. 305438 என்று கொள்வோம். ஐ.எஸ்.ஓ. 6346 என்ற தரவிதி ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு மதிப்பு வைத்திருக்கிறது: சி 13, எஸ் 30, கியூ 28, யு 32. இடமிருந்து வலமாக இவற்றையும் இலக்கங்களையும் 1, 2, 4, 8, 16 என்று இரட்டித்துக்கொண்டே போகும் எண்களால் பெருக்கிக் கூட்டினால் 6185 வரும். அதை 11ஆல் வகுத்தால் மீதி 3. கட்டத்துக்குள் இருக்க வேண்டியது அந்த 3. வாயிற்சீட்டு எழுதுபவர் கைதவறி 305438 என்பதை 304538 என்று எழுதிவிட்டால் கூட்டல் 6249 ஆகும், மீதி 1 ஆகும். கட்டத்தில் 3 இருப்பதால் கணினி உடனே மறுத்துவிடும். பத்தாயிரம் பெட்டி நிற்கும் முற்றத்தில் தவறான பெட்டியைத் தேடி ஓடும் வேலை அந்த ஒரு கணத்தில் மிச்சமாகிறது. நல்ல தகவல் அமைப்பு தவறு செய்யாத மனிதரை எதிர்பார்ப்பதில்லை. தவறு நுழையும் வாசலிலேயே அதைப் பிடிக்க ஏற்பாடு செய்துவைக்கிறது.

எண்ணைச் சரிபார்க்கலாம், உண்மையைச் சரிபார்ப்பது கடினம். 2007 ஜனவரியில் ஆங்கிலக் கால்வாயில் எம்.எஸ்.சி. நாப்போலி என்ற கன்டெய்னர் கப்பலின் உடல் புயலில் பிளந்தது. கரையோரம் தரைதட்டவைத்த பிறகு தளத்தின் மேலிருந்த 660 பெட்டிகளை எடைபோட்டுப் பார்த்தார்கள். 137 பெட்டிகளில், அறிவித்த எடைக்கும் உண்மையான எடைக்கும் 3 டன்னுக்கு மேல் வித்தியாசம். ஒரு பெட்டியில் 20 டன். விபத்துக்கு வேறு காரணங்களும் இருந்தன. ஆனாலும் எந்தப் பெட்டியை எங்கே அடுக்குவது, கப்பலின் பாரம் எப்படிப் பகிர்கிறது என்பதையெல்லாம் கணக்கிட்ட கணினிகள், எங்கோ ஒரு கிடங்கில் யாரோ போட்ட உத்தேச எண்ணைத்தான் நம்பியிருந்தன என்பது வெளிப்பட்டது. இதுபோன்ற அனுபவங்களுக்குப் பிறகே, பெட்டியின் மொத்த எடையைச் சரிபார்த்து அறிவிக்காமல் கப்பலில் ஏற்றக் கூடாது என்ற, கடற்பயணப் பாதுகாப்புக்கான சோலாஸ் உடன்படிக்கையின் விதி 2016 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்தது. கோவில்பட்டித் தீப்பெட்டியோ கரூர்ப் போர்வையோ, எதை ஏற்றினாலும் இந்த விதி பொருந்தும்.

அரசின் அமைப்புகளும் ஒன்றையொன்று தேடிச் சேர்ந்துகொண்டிருக்கின்றன. சுங்கத்துறையின் ஐஸ்கேட் தளம், பல துறைகளின் அனுமதியை ஒரே விண்ணப்பத்தில் கேட்க 2016இல் வந்த ஒற்றைச்சாளர முறை, 2018இல் புதுப்பிக்கப்பட்ட துறைமுகச் சமூக அமைப்பு, 2023இல் அதன் இடத்துக்கு வந்த தேசியத் தளவாடத் தளம். இவற்றின் பெயர்கள் மாறிக்கொண்டே இருக்கும். கிளியரிங் ஏஜென்ட்டுகள் பார்த்துக்கொள்வார்கள். நிறுவனம் புரிந்துகொள்ள வேண்டியது வேறு. வெளியே உள்ள தளங்கள் ஒன்றோடொன்று பேசத் தொடங்கிவிட்டதால், உள்ளே நாம் இரண்டு விதமாக எழுதியது அங்கே மோதும்.

இதன் வலியை ஏற்றுமதியாளர்கள் ஜி.எஸ்.டி. வந்த 2017இல் அனுபவித்தார்கள். ஏற்றுமதிச் சரக்குக்குக் கட்டிய வரியைத் திரும்பப் பெற, ஜி.எஸ்.டி. கணக்கில் உள்ள விலைப்பட்டியல் எண்ணும் சுங்கத்தின் ஷிப்பிங் பில்லில் உள்ள எண்ணும் அட்சரம் பிசகாமல் ஒத்துப்போக வேண்டும். ஒத்துப்போகாவிட்டால் எஸ்பி005 என்ற பிழைக்குறி வரும், பணம் நிற்கும். நாடு முழுவதும் ஏராளமானோரின் பணம் இந்த ஒரு குறியில் சிக்கியது. யாரும் ஏமாற்றவில்லை. கணக்காளர் பில் எண்ணை ஒரு விதமாக எழுதினார். ஏற்றுமதி ஆவணம் தயாரித்தவர் முன்னால் ஒரு பூஜ்யத்தைச் சேர்த்தோ ஒரு சாய்கோட்டை விட்டோ எழுதினார். இரண்டு அறையில் இரண்டு பேர் ஒரே செய்தியைத் தனித்தனியாகத் தட்டச்சு செய்ததற்குக் கொடுத்த விலை அது. மறுதட்டச்சு நடக்கும் இடங்களைத் தேடிப்பிடித்து ஒழிப்பதுதான், நம் பார்வையில், ஒரு நிறுவனம் செய்யக்கூடிய மிகச் சிக்கனமான சீர்திருத்தம். அதற்குப் புதிய மென்பொருள்கூடப் பல சமயம் தேவைப்படாது.

எல்லாவற்றையும் ஓர் இடத்தில் குவித்துவிட்டால் அந்த இடம் விழும்போது என்ன செய்வது என்ற பயமும் நியாயமானதே. 2023 டிசம்பர் 17, 18 மழையில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டியது. தூத்துக்குடியின் பல பகுதிகள் நீரில் நின்றன, மின்சாரமும் கைப்பேசித் தொடர்பும் அறுந்தன. கணினி தரைத்தளத்தில் இருந்தவர்களுக்கு அந்த வாரம் என்ன கற்றுக்கொடுத்தது என்று சொல்ல வேண்டியதில்லை. பெரிய நிறுவனங்களும் தப்பவில்லை. 2017 ஜூனில் நாட்பெட்யா என்ற கணினித் தாக்குதலில் மெர்ஸ்க் கப்பல் நிறுவனத்தின் அமைப்பே உலகம் முழுவதும் முடங்கியது. மும்பை ஜவாஹர்லால் நேரு துறைமுகத்தில் அந்தக் குழுமம் நடத்திய முனையமும் நின்றது. ஆகவே நகல் ஒன்றை வேறு ஊரில் வைப்பதும், மின்சாரம் போன நாளில் எந்தப் படிவத்தில் கையால் எழுதுவது, பிறகு யார் அதை ஏற்றுவது என்று முன்கூட்டியே தீர்மானிப்பதும் அமைப்பின் பாகம். நோட்டு அப்போது வேண்டும். எல்லா நாளும் நான்கு நோட்டு வேண்டாம்.

அந்த நான்கு நோட்டுகள் ஏன் சாகாமல் இருக்கின்றன என்ற கேள்விக்கு இப்போது வரலாம். அவற்றை வைத்திருப்பவர்களைச் சோம்பேறிகள் என்றோ பழமைவாதிகள் என்றோ சொல்வது தவறு. ஒவ்வொரு நோட்டும் அதை எழுதுபவருக்கு ஒரு பாதுகாப்பு. பழி வந்தால் காட்ட அவரிடம் அது ஒன்றுதான் இருக்கிறது. கணினியில் ஏற்றிய தகவல் மேலே போய்விடுகிறது, அவரிடம் திரும்பி வருவதில்லை. தான் ஏற்றிய எண்ணை யாராவது பிறகு மாற்றினால் அவருக்குத் தெரியாது. இந்த நிலையில் அவர் நோட்டைக் கைவிடாததுதான் புத்திசாலித்தனம். பெரும்பாலான மென்பொருள் முயற்சிகள் தோற்பது இந்த இடத்தில் என்று நாம் உறுதியாக நம்புகிறோம். மேலே இருப்பவர்களுக்கு என்ன அறிக்கை வேண்டும் என்று மாதக்கணக்கில் பேசுகிறார்கள். கீழே எழுதுபவருக்கு என்ன திரும்பக் கிடைக்கும் என்று ஒரு மணி நேரம்கூடப் பேசுவதில்லை.

உரிப்புக்கூடத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். உரித்த எடைக்குக் கூலி என்ற முறை இருக்கும் இடங்களில் பெண்கள் பேசின் பேசினாகக் கொண்டுபோய் எடைபோடுகிறார்கள். மேற்பார்வையாளர் எழுதிக்கொள்கிறார். தன் பெயருக்கு நேரே எவ்வளவு ஏறியது என்பது அந்தப் பெண்ணுக்கு வாரக் கடைசியில் கூலி வாங்கும்போதுதான் தெரிகிறது. அதே எடைமேடையில், பேசினைத் தூக்கி வைத்ததும் பெயர், லாட் எண், எடை, அன்றைய மொத்தம் ஆகியவற்றோடு ஒரு சிறு சீட்டு அவர் கைக்கு வந்தால் என்ன ஆகும்? தவறு இருந்தால் அந்த நிமிடமே அவர் சொல்வார். நிறுவனத்தின் உற்பத்திக் கணக்கைச் சரிபார்க்க நூறு ஜோடிக் கண்கள் கிடைக்கும். சம்பளம் இல்லாமல், முழு அக்கறையோடு. சலாபக் கரையில் மூன்று குவியலும் இரு தரப்பின் கண்முன்னே இருந்ததால்தான் அந்தக் கணக்கை இருவரும் ஏற்றார்கள். படகுக்காரருக்கும் இதே சீட்டு வேண்டும், லாரி ஓட்டுநருக்கும் வேண்டும், உப்பளத்தில் பெட்டி சுமப்பவருக்கும் வேண்டும்.

எனவே அடுத்த நிதியாண்டில் புதிய மென்பொருளுக்கு விலைப்புள்ளி கேட்கப்போகும் நிறுவனங்களுக்கு நாம் சொல்வது இது. விற்பனையாளரை அழைப்பதற்கு முன் ஒரு வாரம் உங்கள் சரக்கின் பின்னாலேயே நடந்து பாருங்கள். எந்தச் செய்தி முதன்முதலில் யார் கையில் எழுதப்படுகிறது, அதே செய்தி எத்தனை தடவை மறுபடியும் எழுதப்படுகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். பொருட்களுக்கு ஒரே பெயரை முடிவு செய்யுங்கள். எழுதுபவரையும் சரிபார்ப்பவரையும் பிரியுங்கள். எடைமேடையோடு இணையும் சீட்டு அச்சிடும் இயந்திரம் ஒன்றை வாங்கி, அதிலிருந்து வரும் முதல் பிரதியை எடைபோட்டவர் கையில் கொடுக்கத் தொடங்குங்கள். மென்பொருள் பேரத்தை அதற்குப் பிறகு வைத்துக்கொள்ளலாம்.